குத்தகைத் தவணைக்கு முன் கடையைக் காலி செய்வது பற்றிய மஸ்அலாக்கள்

வட்டி விஷயத்தில் பேணுதலாக இருப்பவர்களும், எடையிலும் அளவிலும் அணுவளவு குறைக்க அஞ்சுபவர்களும் நம்மில் பலர் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிலேயே சிலர் கடை வாடகை ஒப்பந்தத்தை மட்டும் தீனுக்குச் சம்பந்தமில்லாத ஒரு காகிதமாக நினைத்துவிடுகிறார்கள். "வாடகைக் கடைதானே, ஓடவில்லை என்றால் பூட்டிவிட்டு வந்தால் போயிற்று" என்று வெகு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். சொந்தக்காரர்களும் இதற்குச் சளைத்தவர்களல்லர். "இடையில் போகிறவனுக்கு அட்வான்ஸில் ஒரு காசு கிடையாது" என்பது அவர்கள் பேச்சு.

பிக்ஹுக் கிதாபுகளைத் திறந்து பாருங்கள். வியாபாரப் பாடத்திற்குப் பிறகு 'இஜாரா' என்று ஒரு பாடம் தனியாக வரும். வீடு, கடை, நிலம், வாகனம் ஆகியவற்றை வாடகைக்கு விடுவதும், கூலிக்கு ஆள் அமர்த்துவதும் அதில் விரிவாகப் பேசப்படுகின்றன. ஓர் ஒப்பந்தம் எப்பொழுது முறியும், எப்பொழுது முறியாது என்பதற்கு நம் இமாம்கள் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பாடத்திலிருந்து ஒரே ஒரு மஸ்அலாவை இம்மாதம் எடுத்துக்கொள்கிறோம். மூன்று வருடத்துக்கு எடுத்த கடையை நடத்த முடியாமல் இடையில் காலி செய்ய நேர்ந்தால் என்ன செய்வது?

பேச்சு காற்றில் நிற்காமலிருக்க ஓர் ஊரையும் ஒரு கடையையும் கற்பனையாக வைத்துக்கொள்வோம். கடலூருக்கு மேற்கே, கெடிலம் ஆற்றங்கரையில் உள்ளது திருவந்திபுரம். தேவநாதசுவாமி கோயிலும் எதிரே ஹயக்கிரீவர் சன்னிதியுள்ள சிறு குன்றும் அவ்வூரின் அடையாளங்கள். முகூர்த்த நாட்களில் சுற்று வட்டாரத்திலிருந்தெல்லாம் மாற்று மதச் சகோதரர்கள் திருமணம் முடிக்க அங்கே திரள்வார்கள். பூ, பழம், பாத்திரம், சாப்பாடு என்று எல்லா வியாபாரமும் அந்நாட்களை நம்பித்தான். இத்தகைய ஊரில் நம்மவர் ஒருவர் கல்யாணச் சீர் பாத்திரங்களுக்காக ஒரு கடை எடுக்கிறார் என்று கொள்வோம். (எந்தப் பொருளை எவ்விடத்தில் விற்பது கூடும், கூடாது என்பது வேறு மஸ்அலா. பித்தளைக் குடத்திலும் எவர்சில்வர் அண்டாவிலும் சந்தேகமில்லை என்பதால் பாத்திரக் கடையாகவே வைத்துக்கொண்டோம்.) கடைக்காரர் இந்துப் பெரியவர். 2019 ஜனவரி முதல் மூன்று வருடம், மாதம் 6,000 ரூபாய் வாடகை, 60,000 ரூபாய் அட்வான்ஸ் என்று பேச்சு.

முதல் வருடம் நன்றாகவே ஓடுகிறது. ஆடியும் மார்கழியும் முகூர்த்தமில்லாத மாதங்கள், அது தெரிந்த விஷயம். 2020 மார்ச் 25இல் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கோயில் நடைகள் பக்தர்களுக்குச் சாத்தப்பட்டன. திருமணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடக்கூடாது என்றார்கள். தமிழகக் கோயில்கள் மீண்டும் திறந்தது அந்த ஆண்டு செப்டம்பர் 1இல்தான். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை ஐந்து மாத வாடகை 30,000 ரூபாய் பாக்கி நின்றுவிட்டது. முதலும் கரைந்துவிட்டது. ஆகஸ்ட் மாதக் கடைசியில், அதாவது 20 மாதம் முடிந்த நிலையில், "நான் போகிறேன்" என்கிறார் பாய். "இன்னும் 16 மாதம் இருக்கிறதே" என்கிறார் பெரியவர். 16 மாத வாடகை 96,000 ரூபாய். யார் பக்கம் நியாயம்?

இஜாரா என்பது 'லாஸிம்' ஆன ஒப்பந்தம். இரு தரப்பாரையும் அது கட்டும். ஒருவர் தாமாக நினைத்தவுடன் முறித்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்ததன்று. திருமறையின் 5ஆவது அத்தியாயமான அல்மாயிதா, ஒப்பந்தங்களை நிறைவேற்றுமாறு முஃமின்களுக்கு இடும் கட்டளையுடன்தான் தொடங்குகிறது. எதிர்த் தரப்பார் முஸ்லிமா இல்லையா என்ற பாகுபாடு இதில் இல்லை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஹிஜ்ரத்தின்போது வழிகாட்டக் கூலிக்கு அமர்த்தியவர் அன்று இஸ்லாத்தைத் தழுவாதவராகவே இருந்தார். ஒட்டகங்கள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. மூன்று இரவுகள் கழித்து ஸவ்ர் குகைக்கு வரவேண்டும் என்று பேசினார்கள். அவரும் சொன்னபடி வந்து சேர்ந்தார் என்று புகாரியில் காண்கிறோம். ஆகவே "மாற்று மதத்தார் கடைதானே" என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் அது மார்க்கத்திலிருந்து வந்ததன்று.

இனிதான் மத்ஹபுகளின் வித்தியாசம் வருகிறது. இது நம் பகுதிக்கு மிகவும் வேண்டியது. ஏனெனில் பரங்கிப்பேட்டை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாபிஈ மத்ஹபினரும், உள்ளூர்ப் பக்கம் ஹனஃபி மத்ஹபினரும் கலந்து வாழ்கிறோம். கடலூர், சிதம்பரம் கடைத்தெருக்களில் ஒரே சுவரின் இரு பக்கத்திலும் இரு மத்ஹபினரும் கடை வைத்திருப்பார்கள். இருவருக்கும் இம்மஸ்அலாவில் விடை வேறு.

ஹனஃபி மத்ஹபில் 'உத்ர்' என்னும் தக்க காரணத்தால் இஜாரா முறியும். ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் மர்கீனானி (ரஹ்) அவர்களின் ஹிதாயாவில் இதற்கு வரும் உதாரணங்கள் ரசமானவை. பல் வலி தாங்காமல் பல்லைப் பிடுங்க ஒருவரைக் கூலிக்குப் பேசுகிறார். அவர் வருவதற்குள் வலி நின்றுவிடுகிறது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தான் என்று நல்ல பல்லைப் பிடுங்கக் கொடுப்பதா? வலீமா விருந்துக்குச் சமையல்காரரைப் பேசியாயிற்று. அதற்குள் மணப்பெண் குல்உ வாங்கிப் பிரிந்துவிட்டாள். யாருக்குச் சமைப்பது? நமக்கு வேண்டிய உதாரணமும் அங்கேயே இருக்கிறது. வியாபாரம் செய்வதற்காகச் சந்தையில் ஒரு கடையை வாடகைக்கு எடுத்தவரின் முதல் அழிந்துபோனால் அது உத்ர். அப்பொழுது ஒப்பந்தத்தை முறிக்கலாம். சொந்தக்காரருக்கும் அதே சலுகை உண்டு. அவர் கடனில் மூழ்கி, வாடகைக்கு விட்ட கடையை விற்றால்தான் கடன் தீரும் என்ற நிலை வந்தால், காழி ஒப்பந்தத்தை முறித்துக் கடையை விற்கச் செய்வார். வாடகைக்காரர் முறிக்கவும் காழியின் தீர்ப்பு வேண்டுமா என்பதில் ஹனஃபி நூல்களிலேயே இரு கருத்துகள் உள்ளன. வெளிப்படையான காரணமாயின் தீர்ப்பு வேண்டியதில்லை, மறைவானதாயின் வேண்டும் என்று பிரித்துச் சொன்னவர்களும் உண்டு.

எல்லாக் காரணமும் உத்ர் ஆகிவிடாது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அடுத்த தெருவில் குறைந்த வாடகைக்குக் கடை கிடைக்கிறது என்பது உத்ர் அன்று. அதிக வாடகை தர இன்னொருவர் வந்துவிட்டார் என்பது சொந்தக்காரருக்கும் உத்ர் அன்று. ஆடியில் வியாபாரம் மந்தம் என்று சொல்லி முறிக்க முடியாது. ஆடி வரும் என்பது கையெழுத்துப் போடும்போதே தெரியும்.

ஷாபிஈ மத்ஹபில் வாசல் இவ்வளவு அகலமாகத் திறப்பதில்லை. ஹிஜ்ரி 676இல் மறைந்த இமாம் நவவி (ரஹ்) அவர்கள் மின்ஹாஜில், இத்தகைய காரணங்களால் இஜாரா முறியாது என்றே எழுதுகிறார்கள். குளியல் கூடத்தை வாடகைக்கு எடுத்தவருக்கு வெந்நீர் போட விறகு கிடைக்கவில்லை. பயணத்துக்கு வாகனம் பேசியவர் நோயில் விழுந்துவிட்டார். இவை முறிவுக்குக் காரணமாகா. விதைத்த பயிர் இயற்கைச் சேதத்தால் அழிந்தாலும் நிலத்தின் குத்தகையில் குறைப்புக் கேட்க உரிமையில்லை. நிலத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அழிந்தது உமது பயிர் என்பதே இதன் உட்பொருள். வாடகைப் பொருளுக்குக் கேடு வந்தால்தான் ஷாபிஈயில் ஒப்பந்தம் ஆட்டம் காணும். வீடு இடிந்து விழுந்தால் மீதிக் காலத்துக்கு இஜாரா முறிந்துவிடும்.

அப்படியானால் முதல் அழிந்த ஷாபிஈ வியாபாரிக்கு வழியே இல்லையா என்று தாய்மார்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. அட்வான்ஸ் கொடுக்க வளையலைக் கழற்றிக் கொடுத்தவர்கள் அவர்கள் அல்லவா! இரண்டு வழிகள் உள்ளன. கடையை அனுபவிக்கும் உரிமை மீதிக் காலத்துக்கும் வாடகைக்காரருடையது என்பதால், அதை அவர் இன்னொருவருக்கு வாடகைக்கு விடலாம். இன்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் உள்வாடகை கூடாது என்று எழுதியிருப்பதால் சொந்தக்காரரின் சம்மதத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் உதாரணத்தில் புதியவர் 5,000 ரூபாய்க்குத்தான் வருவார் என்றால், மாதம் 1,000 வீதம் 16 மாதத்துக்கு 16,000 ரூபாய் பழையவர் பொறுப்பு. 96,000 எங்கே, 16,000 எங்கே!

இன்னொரு வழி 'இகாலா', அதாவது இரு தரப்பாரும் மனமொத்துப் பேரத்தைத் திரும்பப் பெறுதல். பேரத்தில் வருந்தி நிற்பவருக்கு அதை ரத்துச் செய்துகொடுப்பவரின் சறுக்கல்களை அல்லாஹ் மன்னிப்பான் என்ற கருத்தில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாக அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் ஹதீது வந்துள்ளது. அது விற்பனையைப் பற்றியதாயினும் இஜாராவும் பயனை விற்பதுதானே என்று ஆலிம்கள் இதையும் சேர்த்தே பேசுகிறார்கள். கொரோனாக் காலத்தில் நம் சமுதாயத்தில் கடை வைத்திருந்த சொந்தக்காரர்கள் இந்த ஹதீதை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தார்கள் என்பதை அவரவர் நெஞ்சைத்தான் கேட்க வேண்டும். பாக்கி நின்ற ஐந்து மாத வாடகையும் அவ்வாறே. கடை பூட்டியிருந்தாலும் சரக்கு உள்ளேதான் இருந்தது, சாவியும் பாயிடம்தான் இருந்தது. ஆகவே அது கடன்தான். ஆனால் சிரமத்திலிருக்கும் கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் கொடுக்கவும், தள்ளுபடி செய்வது அதனினும் மேலென்றும் அல்பகராவின் 280ஆம் வசனம் சொல்கிறது.

ஓர் எச்சரிக்கை. கடை பள்ளிவாசலுக்கோ தர்காவுக்கோ உரிய வக்ஃபாக இருந்தால் முத்தவல்லி தம் சொத்தைப்போல் தாராளம் காட்ட முடியாது. வக்ஃபின் வருமானத்தை விட்டுக்கொடுக்க அவர் உரிமையாளர் அல்லர், காவலர். அவர் மனம் இளகினால் தம் சட்டைப்பையிலிருந்து கொடுக்கலாம்.

நாட்டுச் சட்டத்தையும் பார்த்துவிடுவோம். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுப் பத்திரத்தின் மூலமே செய்ய முடியும் என்று அதன் 107ஆம் பிரிவு கூறுகிறது. 11 மாத ஒப்பந்தம் என்ற பழக்கம் நம் நாட்டில் வந்தது இந்தப் பதிவுச் செலவுக்குப் பயந்துதான். தமிழகத்தில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017இல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நகர்ப்பகுதிக் கட்டடங்களுக்கு எழுத்து ஒப்பந்தமும் வாடகை அதிகாரியிடம் பதிவும் வேண்டும் என்கிறது அது.

மூன்று வருடம் என்று முத்திரைத் தாளில் எழுதிப் பதிவு செய்யாமல் விட்டிருந்தால் என்ன ஆகும்? சட்டத்தின் கண்ணில் அது மூன்று வருடக் குத்தகை ஆகாது. மாதாமாத வாடகை என்றே கொள்ளப்படும். 106ஆம் பிரிவின்படி 15 நாள் எழுத்து முன்னறிவிப்பு கொடுத்து யாரும் முடித்துக்கொள்ளலாம். வக்கீல்கள் இந்தச் சந்தைச் சுட்டிக் காட்டுவார்கள். அது அவர்கள் தொழில், குறை சொல்வதற்கில்லை. ஆனால் நாம் இன்னொரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். ஷரீஅத்தில் இஜாரா செல்லுபடியாகப் பதிவாளர் அலுவலக முத்திரை நிபந்தனையன்று. தவணையும் வாடகையும் தெளிவாகி, கொடுத்தேன், ஏற்றேன் என்று இருவரும் சொன்னால் அது கட்டிவிட்டது. முதல் அழியாத ஒருவர், வேறிடத்தில் நல்ல கடை கிடைத்ததற்காகப் பதிவில்லை என்ற ஓட்டை வழியே வெளியேறினால் நீதிமன்றத்தில் அவர் தப்பலாம். மூன்று வருடம் என்று கொடுத்த வாக்கு அவர் கழுத்திலேயே இருக்கும். பதிவில்லை என்று கூறி நடு வருடத்தில் வெளியேற்றும் சொந்தக்காரருக்கும் இதுவே.

பதிவு செய்த குத்தகையில், இடையில் விலகிக்கொள்ளலாம் என்ற ஷரத்து இல்லாவிட்டால் சட்டமும் ஏறக்குறைய ஷாபிஈ மத்ஹபைப்போலவே கறாராக இருக்கிறது. ஒப்பந்தச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, நிறைவேற்ற முடியாமல் போன ஒப்பந்தம் செல்லாததாகிவிடும் என்கிறது. குத்தகை கொடுத்து முடிந்த பிறகு இப்பிரிவு அதற்குப் பொருந்தாது என்று 1968இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அந்த வழக்கு 1947 பிரிவினையில் பாகிஸ்தான் பக்கம் போய்விட்ட நிலத்தைப் பற்றியது. நாடே பிளந்தது, குத்தகை முறியவில்லை! 2020 மே மாதம் தில்லி கான் மார்க்கெட் கடை ஒன்றின் வாடகைதாரர்கள் ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்தி வைக்கக் கேட்டபோது, தில்லி உயர் நீதிமன்றமும் மறுத்துவிட்டது. கடை கொஞ்ச காலம் மூடிக் கிடந்தது அழிவாகாது என்றது.

அழிவுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. தீ, புயல், வெள்ளம் முதலியவற்றால் கட்டடத்தின் முக்கிய பாகம் முற்றிலும் அழிந்தாலோ, நிரந்தரமாகப் பயனற்றுப் போனாலோ, குத்தகையை முடித்துக்கொள்ளும் விருப்பத்தை 108ஆம் பிரிவு வாடகைதாரருக்குக் கொடுக்கிறது. கடலூர் மாவட்டத்தாருக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரையேறியதையும், 2015 வெள்ளத்தையும் கண்டவர்கள் நாம். ஒரு நுட்பம் இங்கே உண்டு. கட்டடம் இடிந்தால் ஷாபிஈயில் இஜாரா தானாகவே முறியும். இந்தியச் சட்டத்தில் வாடகைதாரர் முடித்தால்தான் முடியும். கட்டடம் போனாலும் குத்தகை உரிமை போய்விடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே இடிந்த கடையை விட்டு விலகுகிறவர் பேசாமல் இருந்துவிடாமல் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

அட்வான்ஸுக்கு வருவோம். அது வாடகையுமன்று, சொந்தக்காரரின் இலாபமுமன்று. திருப்பித் தரவேண்டிய தொகை. அதை அவர் செலவழித்திருந்தால் அவர் மீது கடன். அதிலிருந்து வாடகைப் பாக்கி, மின் கட்டணம், உடைந்த ஷட்டரைச் சரிசெய்யும் செலவு இவற்றைக் கழிக்கலாம். "இடையில் போனால் முழு அட்வான்ஸும் எனக்கு" என்று எழுதிக்கொண்டாலும், நேர்ந்த நட்டத்தைப் பாராமல் மொத்தமாக விழுங்க எந்த நியாயத்தில் இடமுண்டு? நாட்டுச் சட்டமும் இதை அனுமதிப்பதில்லை. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு நியாயமான இழப்பீட்டைத்தான் தருகிறது. நட்டமே இல்லாத இடத்தில் முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. நம் பாத்திரக் கடைக் கணக்கில், ஹனஃபி முறைப்படி உத்ரால் முறிந்தாலும், பெரியவர் மனமுவந்து சாவியை வாங்கிக்கொண்டாலும் விடை ஒன்றே. 60,000இல் பாக்கி 30,000 போக மீதி 30,000 ரூபாய் பாய்க்குச் சேரவேண்டியது. பெரியவர் சாவியை வாங்கி அடுத்த மாதமே வேறொருவருக்குக் கடையை விட்டுவிட்டு, பாயிடமும் 16 மாத வாடகையைக் கேட்டால் ஒரே பயனை இரு முறை விற்றவராகிறார்.

சாவி என்றோம். இதுதான் பலருக்குத் தெரியாத இடம். கடையைக் காலி செய்வது என்றால் சரக்கை எடுத்துக்கொண்டு பூட்டிவிட்டு வருவதன்று. மின்ஹாஜிலேயே, வாடகைக்கு விட்டவர் வாடகைக்காரரிடம் வீட்டுச் சாவியை ஒப்படைப்பது கடமை என்று வருகிறது. அனுபவிக்கும் வாய்ப்பு கையில் இருக்கும்வரை, அனுபவித்தாலும் இல்லாவிட்டாலும் வாடகை ஓடிக்கொண்டிருக்கும். சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு "நான்தான் மூன்று மாதமாகக் கடையே திறக்கவில்லையே" என்பவருக்கு அந்த மூன்று மாத வாடகையும் கடன்தான். இரவோடு இரவாகச் சரக்கை ஏற்றி, தொலைபேசியை அணைத்துவிட்டு ஊருக்குப் போகிறவர் பிறகு தொழுகைக்கு முன் வரிசையில் நிற்பதைப் பார்த்தால் நமக்குத் துக்கமாகத்தான் இருக்கிறது. எழுத்தில் முன்னறிவிப்பு கொடுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னிலையில் சாவியைக் கொடுங்கள். சாவி பெற்றுக்கொண்ட தேதியையும் அட்வான்ஸ் கணக்கையும் ஒரே தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கடன் பேச்சுகளை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகராவின் 282ஆம் வசனம் நம் வீட்டில் இருக்கும்போது, வாய்ப் பேச்சை நம்பிப் பிறகு பஞ்சாயத்துக்கு அலைவானேன்?

ஒப்பந்தம் எழுதும்போதே, இன்ன காலத்துக்கு முன் எழுத்தில் அறிவித்துவிட்டு விலகலாம் என்று இரு தரப்புக்கும் ஒரு ஷரத்தை எழுதிக்கொண்டால் இத்தனை தொல்லையுமில்லை. கையெழுத்துப் போடுமுன் உள்ளூர் ஆலிம் ஒருவரிடமும் வக்கீல் ஒருவரிடமும் தாளைக் காட்டிவிடுவது நல்லது.

கடைக்காரர் தவணைக்கு இடையில் மௌத்தாகிவிட்டால் என்ன என்பதை வீட்டிலுள்ளவர்கள் அவசியம் தெரிந்திருக்க வேண்டும். தமக்காக ஒப்பந்தம் செய்தவர் இறந்தால் ஹனஃபி மத்ஹபில் இஜாரா அத்துடன் முடிந்தது. ஷாபிஈயில் முடியாது, மீதிக் காலத்தின் உரிமையும் பொறுப்பும் வாரிசுகளுக்கு வரும். நாட்டுச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தாவில் இருப்பார். சாவியை ஒப்படைக்கவும் கணக்குப் பார்க்கவும் மகனையோ சகோதரரையோ தம் சார்பில் வக்கீலாக நியமித்து அனுப்பலாம். திரும்பி வரும் அட்வான்ஸ் கடையைப் பார்த்துக்கொண்ட மூத்த மகனுக்குச் சொந்தமன்று. அது மய்யித்தின் சொத்து. அடக்கச் செலவு, கடன்கள், வஸிய்யத் ஆகியவை வேறு சொத்திலிருந்து தீர்க்கப்பட்டு, இறந்தவரின் தாய் தந்தையரும் முன்பே காலமாகி, மனைவியும் ஆண் பெண் மக்களும் மட்டும் இருந்தால், கைக்கு வந்த 30,000 ரூபாயில் எட்டில் ஒரு பங்கான 3,750 ரூபாய் மனைவிக்குரியது. மீதி 26,250 ரூபாயை மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பிரிக்க வேண்டும்.